பேஸ்மென்ட் வீட்டில் ஆன் மரே

ரொறன்ரோவில் புதிதாகக் குடியேறுபவர்கள் பழைய சாமான் கடைக்குப் போவது குளிர் ஜாக்கெட்டுக்கும் சட்டி பானைக்கும். இசைத்தட்டுப் பெட்டியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். கனடியப் பாடகர்களான ஆன் மரேயும் கோர்டன் லைட்ஃபுட்டும் கட்டாயம் அகப்படுவார்கள்.

நோவா ஸ்கோஷியாக்காரியான ஆன் மரே 1970இல் ‘ஸ்னோபேர்ட்’ பாடி அமெரிக்காவிலும் பெயரெடுத்தார். கண்ட்ரி வாசனை வீசும் மெல்லிய பாப். மறு ஆண்டே, கனடாவின் ஏஎம் வானொலிகள் போடும் பாட்டில் 30 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்கவேண்டும் என்ற விதி வந்தது. லைட்ஃபுட்டின் ‘சன்டவுன்’ 1974இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இவர்களுடைய தட்டுகள் ஏராளமாக விற்றன. இன்று மலிவாகக் கிடைப்பது அதனால்தான், பாட்டு மட்டமென்று அல்ல. இங்கத்தைய ஆங்கிலத்துக்குக் காது பழகவும் லைட்ஃபுட் நல்லவர். 1975 நவம்பரில் சுப்பீரியர் ஏரியில் 29 பேருடன் மூழ்கிய கப்பலைப் பற்றிய அவருடைய பாட்டில் சொல் சொல்லாகப் புரியும்.

வாங்குமுன் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் ஊசி துள்ளும். மயிரிழைக் கீறல் பரவாயில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவினால் உப்புப் படிந்து இரையும். காய்ச்சி வடித்த தண்ணீரை மென்துணியில் நனைத்து, பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நடுவிலுள்ள லேபிள் நனையக்கூடாது.

பிளேயரை ஆம்ப்ளிஃபயரில் ‘ஃபோனோ’ என்று எழுதியிருக்கும் துளையில் செருகவேண்டும். வேறு துளையில் செருகிவிட்டு, சத்தம் மெல்லிசாக, பேஸ் இல்லாமல் வருகிறதென்று தட்டைக் குறை சொல்பவர்களே அதிகம். (ஃபோனோ சுற்று, அதாவது ஊசியிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தைப் பெருக்கும் பகுதி, உள்ளேயே அமைந்த பிளேயருக்கு இது பொருந்தாது.) தொடர்ந்து ‘ம்ம்’ என்று உறுமினால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். ஊசி அழுத்தம் பெரும்பாலான காந்தக் கார்ட்ரிட்ஜ்களுக்கு (ஊசியைத் தாங்கும் சிறு தலைப்பகுதி) 2 கிராமை ஒட்டியே இருக்கும். பாரம் குறைந்தால் நல்லதென்று நினைக்கவேண்டாம். ஊசி பள்ளத்துக்குள் ஆடி அதன் சுவரைத் தின்னும்.

பேஸ்மென்ட் வாடகை வீடு என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் சீமெந்துத் தரை அங்கேதான். பிள்ளைகள் ஓடினாலும் ஊசி துள்ளாது. கோடையின் ஈரத்தில் அட்டை உறை பூஞ்சணம் பிடிக்கும், ஆகவே டீஹியூமிடிஃபயரை ஓடவிடுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டிங் காற்றை உலர்த்துவதால் தட்டில் நிலைமின் ஏறித் தூசியை இழுக்கும், படபடவென்று பொரியும். ஒவ்வொரு முறையும் கார்பன் ஃபைபர் தூரிகையால் ஒரு சுற்றுத் துடைத்துவிட்டுப் போடுங்கள். தட்டுகளை நிமிர்த்தி அடுக்குங்கள், ஹீட்டர் துவாரத்தை விட்டுத் தள்ளி.