நாளுக்கு இரண்டு கோடு: 2025 தவக்கால ஆன்ம சோதனைக் குறிப்புகள்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று (மார்ச் 5) நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். ஒருசந்தி, புலால் தவிர்ப்பு எல்லாம் எங்கள் வீட்டில் வருடாவருடம் உண்டு. இந்த முறை உள்ளத்தையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் அத்தை, அதாவது கணவரின் அம்மா, இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். குளிப்பாட்டுவது, மாத்திரை, கஞ்சி, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். கோவிலில் பார்ப்பவர்கள் நல்ல மருமகள் என்பார்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும், உள்ளே ஒரு கணக்கு ஓடும். ‘இன்றைக்கு மூன்றாவது தடவை பெட்ஷீட் மாற்றுகிறேன். ஓரகத்தி சென்னையில் இருந்துகொண்டு போனில் விசாரிப்பதோடு சரி. நாத்தனார் வந்து இரண்டு மாதம் ஆகிறது.’ இப்படி ஒரு நாளில் எத்தனை முறை ஓடுகிறது என்று எனக்கே தெரியாது.

தூய உள்ளம் என்றால் கெட்ட எண்ணம் வராமல் பார்த்துக்கொள்வது என்றுதான் மறைக்கல்வி வகுப்பிலிருந்து புரிந்து வைத்திருந்தேன். ‘தூய்மையான உள்ளத்தோர் பேறுபெற்றோர்’ என்று இயேசு சொல்லும் மத்தேயு 5:8இல், ‘தூய்மையான’ என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது ‘கத்தரோஸ்’ என்ற சொல். அழுக்கில்லாதது என்பதோடு, பதர் நீக்கிப் புடைத்த தானியத்துக்கும் கலப்பில்லாத பொருளுக்கும் அந்தச் சொல் வழங்கியிருக்கிறது. இது தெரிந்ததும் என் நிலைமை பிடிபட்டது. அத்தைக்கு நான் செய்வதில் அன்பு நிச்சயம் இருக்கிறது. ஆனால் அதில் கணக்கும் கலந்து கிடக்கிறது, அரிசியில் கல் கிடக்கிற மாதிரி.

முறை என்னுடையது இல்லை, புனித இஞ்ஞாசியாருடையது. 1521இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் குண்டடிபட்டுக் கால் உடைந்து, படுக்கையில் கிடந்தபோது மனம் திரும்பியவர் அவர். தன் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் ‘தனிச்சோதனை’ என்று ஒன்றை வைத்திருக்கிறார். ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும் (நான் எடுத்தது இந்தக் கணக்கை). காலையில் எழுந்ததும் இன்றைக்கு அதில் விழக்கூடாது என்று தீர்மானம். மதிய உணவுக்குப் பின் ஒரு கணக்கெடுப்பு, இரவு உணவுக்குப் பின் இன்னொன்று. நாளுக்கு இரண்டு கோடு போட்டு, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் அந்தந்த நேரத்துக் கோட்டில் ஒரு புள்ளி. விழுந்த உடனே கையை நெஞ்சில் வைத்து வருந்த வேண்டும். பலர் நடுவில் இருந்தாலும் யாரும் கவனிக்காதபடி இதைச் செய்யலாம் என்கிறார். 1542இல் மறைபரப்ப முத்துக்குளித்துறைக்கு (தூத்துக்குடிக் கரைக்கு) வந்த புனித சவேரியாரும் பாரிஸில் இஞ்ஞாசியாரிடமே இந்தப் பயிற்சிகளைச் செய்தவர்தான். அதனால் நம் கரைக்கு இது புதிதில்லை. மதியக் கணக்கெடுப்பை மட்டும் மூவேளை செபத்துக்கு மணி அடிக்கும் 12 மணிக்கு மாற்றிக்கொண்டேன், மறக்காமல் இருக்க.

முதல் நாள்: காலைக் கோட்டில் 9 புள்ளி, மாலையில் 13. அதிர்ந்துதான் போனேன்.

முதல் வாரக் கடைசி: 12, 16. நூலில் உள்ள படத்தில் முதல் நாள் கோடு நீளமாகவும் அடுத்தடுத்த நாள் கோடுகள் குட்டையாகவும் இருக்கும். எனக்கோ புள்ளிகள் ஏறிக்கொண்டே போயின. அப்புறம்தான் புரிந்தது, முன்பும் இத்தனை முறை ஓடியிருக்கும், இப்போதுதான் கண்ணில் படுகிறது. எந்த நேரத்தில் அதிகம் என்றும் தெரிந்தது. அத்தையைக் குளிப்பாட்டும்போது அவ்வளவாக இல்லை. ஓரகத்தி போன் செய்து வைத்த அடுத்த அரை மணி நேரத்தில்தான் பாதிப் புள்ளிகள்.

மூன்றாவது வாரம்: திடீரென்று 4, 3 என்று இறங்கியது. சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டைக் கணவரிடம் காட்டலாமா என்று யோசித்தேன், அங்கேயே நின்றேன். காட்டி என்ன கேட்கப்போகிறேன்? பாராட்டு. அதுவும் அதே கணக்குதானே. பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. ‘இது கணக்கு இல்லை, அலுப்பு’ என்று எனக்கு நானே சொல்லிப் பல புள்ளிகளை வைக்காமல் விட்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, இதைச் சொன்னேன். சாமி ஒரே கேள்விதான் கேட்டார்: “ஆன்ம சோதனையை எதில் ஆரம்பிக்கிறீங்கம்மா?” குறையிலிருந்து என்றேன். இஞ்ஞாசியார் தரும் பொதுச் சோதனையில் ஐந்து படிகள் உண்டு. முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி, பிறகு பாவத்தை அறியும் வரம் கேட்பது, பிறகுதான் நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, திருந்தத் தீர்மானிப்பது. நான் முதல் இரண்டையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதில் இறங்கியிருந்தேன். நானே என்னைத் தோண்டித் துருவிச் சுத்தம் பண்ணிவிடலாம் என்ற எண்ணம் போலும்.

51ஆம் திருப்பாடலில் ‘தூயதோர் உள்ளத்தை என்னுள்ளே படைத்தருளும்’ என்ற வரி வருகிறதே, அங்கே எபிரேயத்தில் இருப்பது தொடக்கநூலின் முதல் வசனத்தில் ‘படைத்தார்’ என்று வரும் அதே வினை. எத்தனையோ வெள்ளிக்கிழமை சொன்ன வரி. அது ஒரு விண்ணப்பம் என்பது இந்த வருடம்தான் எனக்கு உறைத்தது.

நான்காவது வாரம்: வரிசையை மாற்றினேன். முதலில் நன்றிக்கு மூன்று விஷயம் எழுதுவது, பிறகுதான் புள்ளி. எழுத எழுத, நன்றிப் பக்கத்தில் அத்தையே திரும்பத் திரும்ப வந்தார். இன்றைக்கு முழுக் கஞ்சியும் குடித்தார். பழைய வேளாங்கண்ணிப் பயணக் கதை சொன்னார். என் கை சூடாக இருக்கிறது என்றார்.

இதே வாரத்தில் பாலைநிலத் துறவிகளைப் பற்றியும் கொஞ்சம் வாசித்தேன். எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் மோசே என்ற துறவியிடம் கேட்டவற்றை யோவான் காசியன் 5ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். துறவியின் முடிவான இலக்கு இறையாட்சி, அதை அடையக் குறிவைக்க வேண்டியது உள்ளத்தூய்மை என்கிறார் மோசே. நோன்பும் கண்விழிப்பும் அதற்கான கருவிகள்தானாம். பெரும் சொத்தை உதறிவிட்டு வந்தவர்கள் ஒரு சிறுகத்திக்கும் ஊசிக்கும் கோபப்படுவதைப் பார்த்ததாகவும் வருகிறது. எனக்காகவே எழுதியது போல இருந்தது. நான் வேலையை விட்டு வந்தது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நாத்தனார் தன் அம்மாவுக்கு வாங்கி வந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

மோசே சொல்லும் ஆலை உவமை எனக்கு நடைமுறையில் உதவியது. தண்ணீர் வேகத்தில் சுழலும் மாவுக்கல்லை நிறுத்த முடியாது. ஆனால் கோதுமையைப் போடுவதா, வாற்கோதுமையா, களைவிதையா என்பது ஆலைக்காரன் கையில் இருக்கிறது. மனமும் அப்படித்தான். அதனால் ‘நினைக்காதே’ என்று என்னோடு சண்டை போடுவதை விட்டேன். பெட்ஷீட் மாற்றும்போது திருப்பாடல் வரி ஒன்றை வாய்க்குள் சொல்லிக்கொண்டே மாற்றினேன். அத்தைக்குக் கேட்டால் அவரும் சேர்ந்து சொல்வார். முயன்றவற்றில் எனக்கு அதிகம் பலித்தது இதுதான்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு மதியம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு ஓடியது. இடது கை தானாக நெஞ்சுக்குப் போனது. அத்தை வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்.

“என்னம்மா, நெஞ்சு வலிக்குதா?”

இல்லை அத்தை என்றேன்.

“நாலஞ்சு வாரமா பாக்குறேன். அடிக்கடி புடிச்சுக்கிறியே. என்னைத் தூக்கித் தூக்கித்தான் வலி வந்துருச்சோன்னு ராத்திரியெல்லாம் வேண்டிக்கிறேன்.”

யாரும் கவனிக்காதபடி செய்யலாம் என்று இஞ்ஞாசியார் சொன்னது சரிதான். ஆனால் நாள் முழுக்க இன்னொரு முகத்தையே பார்த்துக்கொண்டு கிடக்கும் ஒருவரிடம் அது நடக்கவில்லை. என் கணக்கில் அத்தை எப்போதும் வாங்குகிற பக்கத்தில் மட்டும்தான் இருந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் அந்தப் பக்கத்திலிருந்து எனக்காக ஒரு செபம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அழுதுவிட்டேன். எதற்காக நெஞ்சைப் பிடிக்கிறேன் என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எனக்கும் உன்மேல கணக்கு உண்டும்மா, நானும் விட்டுடறேன்” என்றார். என்ன கணக்கு என்று நான் கேட்கவில்லை.

உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பாஸ்கா இரவு (ஏப்ரல் 19) கணவரும் பிள்ளைகளும் கோவிலுக்குப் போனார்கள். நான் வீட்டில் அத்தையோடு. அந்த மாலைக் கோட்டில் 5 புள்ளி. பூஜ்யம் வந்த நாள் இந்த நாற்பதில் ஒன்றுகூட இல்லை.

உயிர்ப்புக்குப் பிறகும் தொடர்கிறேன், மதியம் ஒரு கோடு மட்டும். ஜூலை 31, இஞ்ஞாசியார் திருநாள் வரை இதே குறைதான், மாற்றப்போவதில்லை. நேற்று ஓரகத்தி போன் செய்தாள். அவள் குரலும் சோர்வாக இருந்தது. ஏன் என்று கேட்டேன், இருபது நிமிடம் பேசினாள். வைத்த பிறகு 2 புள்ளி.