கண்ணாடிக் குடில்களின் ஊரில் மேட்டர்லிங்க்

பெல்ஜியத்தின் கென்ட் நகருக்கு வருகிறவர்களில் பலர் வான் ஐக் சகோதரர்களின் பலிபீட ஓவியத்தைக் காணவே வருகிறார்கள். நான் போனது மோரிஸ் மேட்டர்லிங்க்குக்காக. 1862-இல் இங்கே பிறந்து, 1911-இல் இலக்கிய நோபல் பரிசு பெற்ற இந்தக் குறியீட்டிய (நேராகச் சொல்லாமல் குறியீடுகளால் உணர்த்தும்) நாடகாசிரியரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு ‘வெப்பக் குடில்கள்’ என்று பெயர்; குளிர்நாட்டில் வெப்பநாட்டுச் செடிகளை வளர்க்கும் கண்ணாடி வீடுகள்தான் அவை. பாரிஸில் அப்போது நிலவிய மோஸ்தருக்காக வைத்த தலைப்பு என்றுதான் பலரும் நினைப்பார்கள். கென்ட்டைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள்.

ப்ரசெல்ஸிலிருந்து ரயிலில் அரைமணி நேரப் பயணம். சிட்டாடல் பூங்காவை ஒட்டிப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் தோட்டம் இருக்கிறது. வெளியே கையுறையைக் கழற்ற மனம் வராத குளிர். குடிலின் கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததுமே மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போனது. துடைத்துவிட்டுப் பார்த்தால், நம் ஊரில் யாரும் திரும்பியே பார்க்காத வாழை, பெயர்ப்பலகையோடு கண்ணாடிக் கூரைக்குக் கீழே நிற்கிறது. கென்ட் பழைய பூ வணிக நகரம். இங்கே முதல் மலர்க் கண்காட்சி நடந்தது 1809-இல். நகரை ஒட்டிய ஊஸ்டாக்கரில், கப்பல்கள் கடந்துபோகும் கால்வாயின் ஓரத்தில், மேட்டர்லிங்க் குடும்பத்துக்கு ஒரு தோட்ட வீடு இருந்தது. அவருடைய தந்தைக்குக் குடில்களில் செடி வளர்ப்பதில் பெரும் ஈடுபாடு. காட்டின் நடுவே கதவுகள் என்றைக்குமாக மூடப்பட்ட ஒரு குடில், அதற்குள் பசித்திருக்கும் இளவரசியின் எண்ணங்கள், பாலைவனத்தில் சிக்கிய மாலுமியின் சலிப்பு என்று அந்தத் தொகுப்பு தொடங்கும்போது, அது புழுக்கத்தை உடம்பால் அறிந்தவனின் எழுத்து என்றே எனக்குப் படுகிறது.

இயேசு சபையார் பள்ளியில் அவரோடு படித்த வான் லெர்பெர்க், லெ ருவா இருவரும் கவிஞர்களானார்கள். தொகுப்புக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்த சிற்பி ஜார்ஜ் மின்னேயும் கென்ட்காரர்தான். மணிக்கூண்டு அருகே, தம்மையே கட்டிக்கொண்டு மண்டியிடும் ஐந்து இளைஞர்கள் சூழ்ந்த அவருடைய நீரூற்றை இன்றும் காணலாம். சட்டம் படித்து வழக்கறிஞராகவும் இருந்த மேட்டர்லிங்க்கை, 1890 ஆகஸ்டில் பாரிஸின் ‘லெ ஃபிகாரோ’ இதழில் பிரெஞ்சு எழுத்தாளர் மிர்போ எழுதிய ஒரே கட்டுரை புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. மேட்டர்லிங்க்கின் ‘இளவரசி மலேன்’ நாடகத்தை ஷேக்ஸ்பியருக்கும் மேலாக வைத்துப் புகழ்ந்த கட்டுரை அது. கொஞ்சம் மிகைதான்.

என் கணக்கில் மேட்டர்லிங்க்கின் சாதனை அதே ஆண்டு வந்த ‘அழையா விருந்தாளி’ நாடகம். பிரசவத்துக்குப் பின் நோயுற்ற தாய் பக்கத்து அறையில் கிடக்க, குடும்பத்தார் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தோட்டத்தில் இராப்பாடிப் பறவைகள் சட்டென்று மௌனமாகின்றன. யாரோ அரிவாள் தீட்டும் ஓசை கேட்கிறது. உள்ளே யாரோ வந்துவிட்டதைப் பார்வையற்ற பாட்டனார் மட்டும் உணர்கிறார். மரணம் மேடைக்கு வருவதேயில்லை. கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளியே செவிசாய்க்கும் இந்த மனிதர்கள் கவிதைகளின் குடிலிலிருந்தே வந்தவர்கள்.

அவருடைய ‘பெல்லேயாஸ்’ நாடகத்தைப் பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுஸ்ஸி இசைநாடகமாக்கியதும், தம் துணைவி ஜார்ஜெத் லெப்லானுக்கு நாயகி வேடம் கிடைக்காததால் மேட்டர்லிங்க் 1902-இல் தெபுஸ்ஸியோடு பகைத்துக்கொண்டதும் பாரிஸ் கதைகள். பிற்காலத் தத்துவக் கட்டுரைகள் என்னை ஈர்ப்பதில்லை. கறையான்களைப் பற்றிய நூலை மேட்டர்லிங்க் தம் எழுத்திலிருந்து திருடியதாகத் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் யூஜீன் மரே குற்றம்சாட்டியதையும் மறப்பதற்கில்லை. ஆனால் 1901-இல் வெளிவந்த தேனீக்கள் நூலை ஒதுக்க மனம் வராது. ஊஸ்டாக்கரில் அவரே தேனீ வளர்த்தவர்.