டான்யூப் கரையில் ஒரு இ-பைக், ஒரு டிரெய்லர், ஒரு குக்கர்

அரை யூனிட் கரண்டுக்கு ஐந்து யூரோ வாங்கினார்கள். என் இ-பைக், அதாவது மிதிக்கும்போது மோட்டாரும் உதவும் சைக்கிள், அதன் பேட்டரி 500 வாட்-அவர். நம்மூர் மீட்டர் கணக்கில் அது அரை யூனிட். ஆஸ்திரியாவின் கரண்ட் விலையில் போட்டாலும் இருபது சென்ட் பக்கம்தான் வரும். மழை பிடித்துக்கொண்டதால் வேறு வழியில்லாமல் ஒதுங்கிய தங்கும் விடுதி அது. ஷெட்டில் சைக்கிளை நிறுத்தக் காசு, அதன் பின்னால் இழுத்துவந்த டிரெய்லருக்குத் தனிக் காசு. "அதுவும் இடத்தை அடைக்கிறதே" என்றார் விடுதிக்கார அம்மாள். வாதாட எனக்கு ஜெர்மன் போதவில்லை, கொடுத்துவிட்டேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மியூனிக்கிலிருந்து ரயிலில் ஜெர்மனியின் எல்லை ஊரான பாசாவ் போய், அங்கிருந்து டான்யூப் ஆற்றை ஒட்டியே வியன்னா வரை சைக்கிளில் போனோம், நானும் மனைவியும். முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பெரும்பாலும் சமதளம், நல்ல தார்ப் பாதை. காற்றும் அநேகமாக மேற்கிலிருந்தே வீசுவதால் எல்லோரும் இந்தத் திசையில்தான் போகிறார்கள்.

டிரெய்லர் எதற்கு என்றால், பட்ஜெட்தான் காரணம். இரண்டு வேளையும் இரண்டு பேர் வெளியே சாப்பிட்டால் அந்தப் பணத்தில் இன்னொரு பயணமே போகலாம். அதனால் டென்ட், கேஸ் அடுப்பு, மூன்று லிட்டர் குக்கர், அரிசி, பருப்பு, ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் எல்லாவற்றையும் இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றினேன். பக்கவாட்டுப் பைகளில் இதெல்லாம் அடங்காது. ஒற்றைச் சக்கர டிரெய்லரும் உண்டு. ஒடுக்கமான பாதையில் சைக்கிளின் தடத்திலேயே வரும். ஆனால் பாரம் சாய்ந்தால் சைக்கிளையும் சேர்த்து இழுக்கும். இரண்டு சக்கரம் என்றால் கழற்றிக் கடைக்குத் தள்ளுவண்டியாகவும் கொண்டுபோகலாம்.

இ-பைக்கில் டிரெய்லரை மாட்டுவதுதான் முதல் தலைவலி. பின்சக்கர ஆக்சிலில்தான் கொக்கி வரும். மோட்டார் பின்சக்கரத்திலேயே இருந்தால் அதன் ஆக்சில் தடிமனாக நட்டு போட்டு இருக்கும், சாதாரண சைக்கிளுக்கான கொக்கி பல நேரம் உட்காராது. எனக்கு மோட்டார் பெடல் பக்கம், நடுவில். ஆனாலும் ஆக்சிலை மாற்ற வேண்டியிருந்தது. கடைக்காரர் கொடுத்தது 12 மில்லிமீட்டர் தடிமன், சரிதான். மரை இடைவெளி, அதாவது ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், மட்டும் வேறு. என்னுடையது 1.5 மில்லிமீட்டர், அவர் தந்தது 1.75. பாதி திரும்பி நின்றுவிட்டது. "கொஞ்சம் அழுத்தித் திருப்புங்கள்" என்று அறிவுரை வேறு! அழுத்தியிருந்தால் பிரேமின் மரை போயிருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு இடத்தில் வாங்கினேன்.

கிளம்பும் முன் எல்லோரும் பயமுறுத்தியது எடையைப் பற்றி. முப்பது கிலோவுக்கு மேல் பின்னால் இருந்தது. நேராகச் சொல்கிறேன், சமதளத்தில் அது தெரியவே இல்லை. இங்கே அனுமதிக்கப்பட்ட மோட்டார் 250 வாட்தான், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவியை நிறுத்திக்கொள்ளும். அதுவே தாராளம். பேட்டரி மேட்டில்தான் மளமளவென்று இறங்குகிறது. கனமான சாமானை அடியில், சக்கரத்துக்குச் சற்று முன்பக்கமாக வைத்தால் வால் ஆடாது. இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும், அதனால் பிரேக்கை முன்கூட்டியே பிடிக்க வேண்டும். 45 கிலோமீட்டர் வேக இ-பைக் மேல் ஆசைப்படாதீர்கள். அதற்கு நம்பர் பிளேட் வேண்டும், இந்தச் சைக்கிள் பாதையில் விடமாட்டார்கள்.

உயிரை வாங்குவது நீளமும் அகலமும்தான். பாதையில் வண்டிகள் நுழையாதிருக்க அங்கங்கே இரும்புத் தடுப்புகள். இரண்டு கம்பி வேலிகளுக்கு நடுவே இசட் மாதிரி வளைந்து போகும் ஒன்றில் டிரெய்லர் சிக்கி, முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றுவிட்டது. பின்னோக்கித் தள்ளினால் மடங்கிக்கொள்கிறது. கழற்றித் தலைக்கு மேல் தூக்கித்தான் கடந்தோம். ஒரு ரயில் நிலையத்தில் லிஃப்ட் ஓடவில்லை. சைக்கிள்கள் இரண்டு, டிரெய்லர், குக்கர் மூட்டை என்று படிக்கட்டில் நாலு நடை. "இதுக்கு ஹோட்டல்லயே சாப்பிட்டிருக்கலாங்க" என்றாள் மனைவி. நான் பதில் சொல்லவில்லை.

ஷ்லோகன் வளைவில் ஆறு வந்த திசைக்கே திரும்பி ஓடுகிறது, அவ்வளவு பெரிய கொண்டை ஊசி வளைவு. அங்கே சைக்கிள்காரர்களைச் சின்னப் படகில் அக்கரை சேர்க்கிறார்கள். எங்கள் படகுக்காரர் டிரெய்லரை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்தார், அதற்குக் காசும் கேட்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும்.

மெல்க் ஊரில் மஞ்சள் நிற மடாலயம் குன்றின் மேல் நிற்கிறது. 1089 முதல் பெனடிக்ட் துறவிகள் அங்கே இருக்கிறார்கள். டிரெய்லரோடு ஏறினேன். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளும்போது 'நடை உதவி' பொத்தானை அழுத்தினால் மோட்டார் நம்மோடு மெதுவாக நடந்து வருகிறது. எனக்கு இந்தப் பயணத்தில் மிகப் பிடித்த பொத்தான் அதுதான்.

அப்புறம் வாஹவ். மெல்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள பள்ளத்தாக்கு, இரு பக்கமும் திராட்சைத் தோட்டங்கள், நடுநடுவே ஆப்ரிகாட் மரங்கள். ஜூலையில் பழம் வருகிறது. வீட்டு வாசலிலேயே பெட்டி பெட்டியாக வைத்து விற்கிறார்கள். மாவுக்குள் முழு ஆப்ரிகாட்டை வைத்து வேகவைத்து, நெய் மணக்கும் ரொட்டித்தூளில் புரட்டித் தருகிறார்கள். மரில்லன்க்னோடல் என்று பெயர். பூரணக் கொழுக்கட்டைக்குள் புளிப்பு இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான். வெளியே சாப்பிடக் கூடாது என்ற சட்டம் அங்கே உடைந்தது. நான் இரண்டாவது தட்டும் சொன்னேன். குக்கர் டிரெய்லரிலேயே கிடந்தது. டர்ன்ஸ்டைன் கோட்டையில் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192இல் பிடித்து அடைத்திருந்தார்களாம். வயிறு நிறைந்திருந்ததால் அந்தக் கோட்டைக்கு ஏறவில்லை, கீழிருந்தே பார்த்தோம்.

இந்தியாவிலிருந்து வந்து இதைச் செய்ய நினைப்பவர்கள் இ-பைக்கை இங்கேயே வாடகைக்கு எடுங்கள். 160 வாட்-அவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், இ-பைக் பேட்டரி அநேகமாக எல்லாமே அதற்கு மேல்தான். வாடகைக் கடையில் ஆக்சில் தடிமனோடு மரை இடைவெளியையும் கேளுங்கள். தங்கும் இடத்தில் சார்ஜ் போடுவதற்கு முன் காசு எவ்வளவு என்று கேளுங்கள். செலவுக் கணக்கு எழுத உட்கார்ந்தேன், ஆப்ரிகாட் ஜாம் வாங்கிய ரசீதுகளே பாதி இருக்கின்றன. மனைவி பார்ப்பதற்குள் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.