மேட்டூரின் பச்சை நீர்

மேட்டூர் அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், பண்ணவாடி, கோட்டையூர் பக்கங்களில், சில ஆண்டுகளாகத் தண்ணீர் பச்சை வண்ணம் கரைத்ததுபோல் மாறித் துர்நாற்றம் வீசுவதைப் பற்றிப் பேசும்போது, பலரும் ஆற்றில் கலக்கும் கழிவை மட்டுமே குற்றம் சொல்கிறார்கள். கழிவுக்குப் பங்கு உண்டு; ஆனால் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கும் இதில் பெரும்பங்கு இருப்பதாக நான் கருதுகிறேன்.

1934இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டம் இறங்கி நிலம் வெளிப்பட்டதும் விவசாயிகள் அங்கே பயிரிட்டு உரமிடுகிறார்கள். மறுபடி வெள்ளம் வரும்போது அறுவடையாகாத பயிரும், தாளும், உரத்தின் எச்சமும் நீருக்குள் மூழ்கி அழுகுகின்றன. காய்ந்து வெடித்த வண்டல் மீண்டும் நனைகையில், அதில் தங்கியிருந்த, பாசிக்கு ஊட்டமாகும் பாஸ்பரஸும் கரைந்து வெளியேறுகிறது. ஓட்டமில்லாத ஓரங்களில் வெயிலும் சேர்ந்துகொண்டால் நீரைப் பச்சையாக்கும் நீலப்பச்சைப் பாசிக்கு வேறென்ன வேண்டும்? அதன் உயிரணுக்களில் காற்றுப்பைகள் இருப்பதால், அது எளிதாக மேலே மிதந்து வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பது நாற்றத்தைத் தணிக்கலாம்; வண்டலில் உள்ள பாஸ்பரஸை அது அகற்றிவிடாது. பாசனத்துக்கான நீர் திறப்பை நிறுத்த முடியாது என்பதை நானும் அறிவேன். எனினும், மட்டம் உயரும் முன்பே பயிர்க்கழிவை அகற்றுவதும், கரையோரச் சாகுபடியில் உரத்தைக் கட்டுப்படுத்துவதும் செய்யக்கூடியவையே.