அண்ணாச்சிக்குப் பிடிக்காத செர்ரி

“பால் திரிஞ்சு போச்சாடா?” என்று கேட்டபடி அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள்.

பால் திரியவில்லை. கால் கிலோ 650 ரூபாய் கொடுத்துச் சென்னையிலிருந்து வாங்கி வந்த தூளில் போட்ட முதல் காபி அது. பாக்கெட்டில் ‘தாண்டிக்குடி, நேச்சுரல், இளவறுவல்’ என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ஸ்ட்ராபெரி, பலாப்பழம், பனைவெல்லம் என்று மூன்று சுவைகள். அம்மா ஒரே மிடறில் நான்காவதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

எனக்கு மதுரை. ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. மாதம் ஒருமுறை கணக்கு விஷயமாகச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும். மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்தால் இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறும் வரை எனக்கு வேறு சோலி கிடையாது. அந்த நேரத்தில்தான் இந்தப் புதுவகைக் காபிக் கடைப் பைத்தியம் பிடித்தது. ஆழ்வார்பேட்டை, நுங்கம்பாக்கம், அடையாறு என்று இரண்டரை வருடத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு நிறையும் அளவுக்குக் குடித்தாகிவிட்டது. நடுவில் புதுச்சேரிக்குப் போனபோது குயிலாப்பாளையத்தில் இருக்கும் மார்க்ஸ் காபியையும் விடவில்லை.

முதல் கடையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 280 ரூபாய்க்கு ‘போர் ஓவர்’ ஒன்று சொன்னேன். தூள்மேல் வெந்நீரை மெல்ல ஊற்றி வடிக்கிற காபி. கண்ணாடிக் குடுவையில் செம்பருத்தித் தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது. பால் இல்லை. சர்க்கரை கேட்டேன். அந்தப் பையன் மிகவும் மரியாதையாக, “சார், முதல்ல அப்படியே குடிச்சுப் பாருங்க. வேணும்னா அப்புறம் தர்றேன்” என்றான். குடித்தேன். புளிப்பு. ரசத்தை யாரோ காபி என்று ஏமாற்றுகிறார்கள் என்றே தோன்றியது. மீதியை விடவும் மனம் வரவில்லை, 280 ரூபாய் ஆயிற்றே. போனைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தேன். பத்து நிமிடம் போயிருக்கும். ஆறிய பிறகுதான் அதில் ஒரு இனிப்பு தெரிந்தது. நன்றாகப் பழுத்த நாரத்தை மாதிரி. அதைத் தேடித்தான் மறு மாதமும் போனேன்.

ஆறிய காபி நமக்கு அவமரியாதை. ஆவி பறக்க வேண்டும், டபராவில் ஆற்றி நுரையோடு நாக்கைச் சுட வேண்டும். கோரிப்பாளையத்தில் விசாலம் காபிக்கு முன்னால் நின்று குடிக்கிற கூட்டத்தில் யாரிடமாவது “பத்து நிமிஷம் ஆறட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் அந்தச் சூட்டில் பாலும் சர்க்கரையும் தவிர நாக்குக்கு அதிகம் தெரிவதில்லை என்பதும் உண்மை. நான் இன்னும் இரண்டையும்தான் குடிக்கிறேன். காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று.

போடுகிற விதம் பார்க்க அழகாக இருக்கும். 15 கிராம் தூள், 240 கிராம் தண்ணீர். தண்ணீரையும் தராசில்தான் அளக்கிறார்கள். சூடு 92 டிகிரிக்குப் பக்கத்தில். முதலில் நாற்பது கிராம் மட்டும் ஊற்றி அரை நிமிடம் காத்திருப்பார்கள். புதிதாக வறுத்த தூள் என்றால் அந்த அரை நிமிடத்தில் புளித்த மாவு மாதிரி பொங்கி எழும். வறுக்கும்போது உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியே வருகிறது. பழைய தூள் சும்மா கிடக்கும். அதன் பிறகு வீட்டு ஃபில்டரிலும் முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பொங்குகிறதா என்று பார்க்கிறேன். பொங்காத தூளை விற்ற ஒரு கடைக்கு இப்போது போவதில்லை.

அந்தக் கடைகளில் பிடிக்காததும் உண்டு. சிமென்ட் பூசாத சுவர், தொங்கும் மஞ்சள் பல்பு, முதுகு இல்லாத ஸ்டூல். கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அடையாறா பெங்களூரா என்று சொல்ல முடியாது. ஒரு கடையில் சிக்கரி என்று நான் வாயைத் திறந்ததும் எனக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டார்கள். பேசியவருக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. பாக்கெட்டுக்குள் சிக்கரியை ஒளித்து வைத்தால்தான் தப்பு. எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் எழுதியாக வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. எழுதிவிட்டு விற்பவரைத் திட்டுவானேன்?

சரி, அம்மா ஒதுக்கிய பாக்கெட்டுக்கு வருகிறேன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை. அப்பா இருந்தவரை அங்கேதான் வாங்குவார்: பிளாண்டேஷன் ஏ பாதி, பீபெரி பாதி, நூற்றுக்கு இருபது சிக்கரி. பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதிலாக ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை. அப்பா அதை “ஒத்தப்புள்ள” என்பார்.

அண்ணாச்சி பாக்கெட்டை மூக்குக்கு நேராகப் பிடித்தார். கண்ணை மூடினார். அப்புறம் சிரித்தார்.

“தம்பி, இது செர்ரி.”

“இல்ல அண்ணாச்சி, நேச்சுரல்னு போட்டிருக்கான்.”

“என்ன வேணா போட்டிருக்கட்டும். பழத்தோட காயவச்ச கொட்டை. செர்ரி. இதை நான் உங்கப்பாவுக்குக் கொடுத்திருந்தா என்னை அடிக்க வந்திருப்பாரு.”

அன்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. பழத்தின் தோலை உரித்து, தொட்டியில் ஒரு நாள் போல ஊறவைத்து, கொழகொழப்பைக் கழுவிக் காயவைத்த அரபிகா வகைக் கொட்டைக்குத்தான் நம் ஊர் வியாபாரத்தில் ‘பிளாண்டேஷன்’ என்று பெயர். ஏ, பி, சி என்பது சல்லடையில் நிற்கும் கொட்டையின் அளவு. தோலோடு அப்படியே வெயிலில் போட்டுக் காய்ந்தபின் உமி நீக்கினால் ‘செர்ரி’. புதுக் கடைகளில் முதலாவதற்கு ‘வாஷ்டு’ என்றும் இதற்கு ‘நேச்சுரல்’ என்றும் பெயர். பிளாண்டேஷன் உசத்தி, செர்ரி மட்டம். நோட்டில் நான் பக்கம் பக்கமாக ‘வாஷ்டு’ என்று எழுதி வைத்திருந்தது அப்பா முப்பது வருடம் வாங்கிய பிளாண்டேஷன் ஏ-வைத்தான். நான் 650 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தது அவர் வேண்டாம் என்ற செர்ரி.

ஏமாந்துவிட்டேனா என்ற கேள்வி ஒரு மாதம் குடைந்துகொண்டே இருந்தது. ஜனவரியில் தாண்டிக்குடிக்கே போய்விட்டேன்.

வத்தலக்குண்டில் பஸ் ஏறினால் பெரும்பாறை வழியாக மேலே போகும். பழனி மலையின் கீழ்ப்பகுதி அது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் யாரும் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. பஸ்ஸில் பாதி இடத்தை மலைவாழைத் தார் பிடித்துக்கொண்டது. நிழல் மரம், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காபி, நடுநடுவே வாழை, எல்லாம் ஒரே தோட்டத்தில். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம்கூட அந்தச் சின்ன ஊரில் இருக்கிறது. நண்பரின் நண்பர் வழியாக ஒரு விவசாயியின் தோட்டத்துக்குப் போனேன். நாலு ஏக்கர்க்காரர்.

அவர் இரண்டு களங்களைக் காட்டினார். ஒன்று சிமென்ட் தரை. அவர் அப்பா காலத்தது. பறித்ததில் காய், பழம், சருகு எல்லாம் கலந்து அதில் கொட்டி, நேரம் கிடைக்கும்போது கிளறிவிட்டால் அது செர்ரி. மழை வந்தால் பூசணம் பிடிக்கும். இன்னொன்று இடுப்பு உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து வலை கட்டிய கட்டில். அதில் ரத்தச் சிவப்பாகப் பழுத்த பழம் மட்டும். ஒரே செடிக்கு மூன்று நான்கு தடவை போய்ப் பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட வேண்டும். பகலெல்லாம் கிளற வேண்டும், பனி இறங்கும் முன் மூட வேண்டும், இப்படி மூன்று வாரம். ஆறு கிலோ பழம் காய்ந்தால் கையில் நிற்பது ஒரு கிலோ பச்சைக் கொட்டை.

ஒரு பழத்தைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டேன். கொட்டையைச் சுற்றி இருந்த சதை கொஞ்சம்தான். ஆனால் நல்ல தித்திப்பு, லேசாகப் பலாச்சுளை வாடை. பாக்கெட்டில் பலாப்பழம் என்று எழுதியவன் முழுக்கப் பொய் சொல்லவில்லை. ஸ்ட்ராபெரியைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது.

“இது முன்னாடி எங்க சார் போகும்?” என்று நான் கேட்டதற்கு, “யாருக்குத் தெரியும்? எல்லாம் போர்டுக்குத்தான்” என்றார். 1990களின் நடுப்பகுதி வரை விளைந்த காபியைக் காபி வாரியத்திடம்தான் ஒப்படைக்க வேண்டியிருந்தது. எல்லார் கொட்டையும் ஒரே குவியலில் கலந்து, தரவாரியாகப் பிரிந்து ஏலத்துக்குப் போகும். தாண்டிக்குடிக் கொட்டைக்குத் தாண்டிக்குடி என்ற பெயர் அங்கேயே தொலைந்துவிடும். மதுரையிலிருந்து மூன்றரை மணி நேர பஸ் தூரத்தில் காபி விளைகிறது என்பது அப்பாவுக்குக் கடைசி வரை தெரியாது. சிக்மகளூர் என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அந்த விவசாயி வீட்டில் எனக்கும் காபி கொடுத்தார்கள். கழுவும்போது மிதந்ததாலோ சல்லடையில் விழுந்ததாலோ ஒதுக்கியதை இரும்புச் சட்டியில் கருக வறுத்து, கருப்பட்டி போட்ட கடுங்காபி. நல்லதை விற்றுவிட்டு ஒதுக்கியதைத் தான் குடிப்பது எல்லா விவசாயிக்கும் வழக்கம்தான் போல. அந்தக் குளிரில் அது நன்றாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதவில்லை.

கட்டிலில் காய்ந்த கொட்டையில் ஐந்து கிலோ வாங்கினேன். நேராக அண்ணாச்சியிடம் கொண்டு போனேன். கைப்பிடி அள்ளி வெளிச்சத்தில் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “ஒண்ணுகூட ஓட்டை இல்ல, கருப்பு இல்ல. செர்ரியில இப்படி நான் பார்த்ததில்ல” என்றார்.

வறுக்கும்போது சண்டை வந்தது. உருளைக்குள் கொட்டை முதலில் சோளப்பொரி மாதிரிப் பெரிதாக வெடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது தடவை கடுகு பொரிகிற சத்தம் வரும். அண்ணாச்சி எப்போதும் அந்தக் கடுகுச் சத்தம் வந்து, கொட்டை எண்ணெய் கக்கிய பிறகுதான் கொட்டுவார். நான் சோளப்பொரி முடிந்ததும் எடுக்கச் சொன்னேன். “பச்சையா இருக்கும் தம்பி. அப்புறம் என் கடைப் பேரச் சொல்லாதீங்க.” பேசிப் பேசி, கடுகுச் சத்தம் தொடங்கும் நொடியில் எடுப்பது என்று முடிவானது. நாலே கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. பொட்டலத்தின் மேல் பால்பாயிண்ட் பேனாவால் ‘தாண்டிக்குடி செர்ரி’ என்று எழுதிக் கொடுத்தார். நேச்சுரல் என்று எழுத அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் பித்தளை ஃபில்டரில் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்துவிட்டு, “சிக்கரி எவ்வளவு போட்ட?” என்றாள்.

“போடலம்மா.”

“அதான்.”

ஒரு வாரம் கழித்து அடுக்களையில் பார்த்தால் என் தாண்டிக்குடி டப்பாவில் தூள் கூடியிருக்கிறது. பழைய தூளைக் கொண்டுவந்து கலந்து வைத்திருக்கிறாள். கோபத்தோடுதான் டிகாக்‌ஷன் இறக்கினேன். குடித்தால், பல மாதமாக நான் தராசு வைத்து அளந்து அளந்து தேடிய காபி அது. எந்த விகிதத்தில் கலந்தாய் என்று நோட்டும் பேனாவுமாகப் போய்க் கேட்டேன். “கண் அளவுதான்” என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்கப் போய்விட்டாள்.