அம்மா போடும் கணக்கு

மே 8, 2025

அக்னி நட்சத்திரம் பிறந்து நாலு நாள். காட்பாடி வீட்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர். பள்ளிக்கூட லீவுதானே என்று குடியாத்தத்துக்கு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன்.

தம்பி விஷயம் வீட்டில் தெரிந்து நாலு மாதம் ஆகிறது. பொங்கலுக்கு வந்தவனிடம் அம்மா பெண் போட்டோவைக் காட்ட, “எனக்குப் பொண்ணுங்க மேல அந்த நெனப்பே வரலம்மா, பசங்க மேலதான் வருது” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மா ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். எங்கே தப்பு நடந்தது? ஐந்து வயதில் என் பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆடியதா, ஹாஸ்டலா, அப்பா தறியே கதி என்று கிடந்ததா? நேற்று ஜாதகத்தில் சுக்கிரன் வரை போய்விட்டாள். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவள். பதில் என்னிடம்தான் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

மே 11

பிப்ரவரியில் நடந்தது இன்றுதான் முழுசாகத் தெரிந்தது. பெரியண்ணனும் அம்மாவும் அவனை வேலூரில் ஒரு ‘கவுன்சலிங்’ ஆளிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பன்னிரண்டு தடவை வந்தால் மாற்றிவிடலாமாம். அப்பா ஒட்டாமல் இருந்து அம்மா செல்லம் கொடுத்தால் பிள்ளை இப்படி ஆகிவிடும் என்று அவர் சொன்னதைத்தான் அம்மா இன்னும் மென்றுகொண்டிருக்கிறாள். தம்பி இரண்டாவது தடவையே எழுந்து வந்துவிட்டான். கட்டின பணம் போனது போனதுதான்.

எனக்கு வந்த கோபத்தில் பெரியண்ணனுக்கு போன் போட்டுக் கத்தினேன். அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1973லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 1990ல் எடுத்தது. நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021ல் இந்த ‘மாற்றுகிற’ வேலைக்கே தடை போடச் சொன்னார். அடுத்த வருஷம் தேசிய மருத்துவ ஆணையம், டாக்டர் இதைச் செய்தால் தொழில் ஒழுங்கீனம் என்றது. அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரி, அப்போ எதனாலதான் வருது, அதைச் சொல்லு” என்றான். திரும்பவும் அதே இடம்.

மே 13

இன்று சொதப்பிவிட்டேன்.

அம்மா முள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். இலவம்பாடிக் காய். காம்பிலும் மேல் தொப்பியிலும் முள் இருக்கும், பழகாத கை பிடித்தால் ரத்தம் வரும். அவள் அடியைப் பிடித்து ஒரே திருகாகக் காம்பை அருவாமணையில் கொடுப்பாள். நல்ல நேரம் என்று நினைத்து ஆரம்பித்தேன்.

வளர்ப்பு காரணமில்லை என்பதைத்தான் முதலில் சொன்னேன். 2010ல் ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான இரட்டையர்களை வைத்துப் பார்த்தார்கள். ஆண்களில் இந்த ஈர்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் மரபணுவின் கணக்கில் வந்தது. ஒரே வீட்டில், ஒரே தாய் தகப்பனிடம் வளர்ந்ததன் பங்கு பூஜ்யம். மிச்சமெல்லாம் ‘தனிச் சூழல்’. இந்தச் சூழல் என்ற சொல்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. கேட்டதும் வீடு, ஹாஸ்டல், சிநேகிதம் என்று மனசு ஓடும். ஆய்வில் அதற்கு அர்த்தம், மரபணுவில் அடங்காத எல்லாமும். கருப்பையில் நடப்பது, தற்செயல், அளவெடுத்ததில் வந்த பிழை கூட அதில்தான் சேரும்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாத்தியார் வாய் நிற்குமா? கனடாவில் பிளான்சார்டு, போகார்ட் என்ற இருவர் கண்டுபிடித்த அண்ணன் கணக்கையும் சொன்னேன். ஒரே தாய் வயிற்றில் முன்னால் பிறந்த அண்ணன் ஒவ்வொருவருக்கும், தம்பி தன்பாலீர்ப்பு உள்ளவனாக இருக்கும் வாய்ப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அவர்கள் பார்த்ததில் அக்காக்கள் கணக்கில் இல்லை. கூடவே வளர்ந்த தத்து அண்ணனும் கணக்கில் இல்லை என்று 2006ல் போகார்ட் காட்டினார். ஆண் கருவின் ஒரு புரதத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி, அது அடுத்த ஆண் கருவின் மூளையைத் தொடுகிறது என்பது ஊகம். சித்திக்கு நெகட்டிவ் ரத்தம், அடுத்த குழந்தைக்கு எதிராக அவள் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடக் கூடாது என்று முதல் பிரசவத்தில் ஊசி போட்டார்களே, அது மாதிரி என்றேன்.

அம்மா அருவாமணையை மடக்கினாள். “ரெண்டு ஆம்பளப் புள்ளைக்கு அப்புறம் அவன் பொறந்தான். அப்போ என் வயிறுதான் காரணம்னு சொல்றியா?”

அவள் வளர்ப்பின் மேல் இருந்த பழியை எடுத்து வயிற்றின் மேல் வைத்துவிட்டேன். அவசர அவசரமாகக் கணக்குச் சொன்னேன். அண்ணன் இல்லாத ஆண்களில் இப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு 2 பேர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு அண்ணன் இருந்தால் மூன்றரை. மீதி 96 பேருக்கு மேல் பெண்ணைத்தான் விரும்புவார்கள். அண்ணனே இல்லாதவர்களும் எத்தனையோ பேர் இப்படி இருக்கிறார்கள். அவள் கேட்கவில்லை. குழம்பில் உப்பு இல்லை.

மே 15

ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தம்பி பெங்களூரிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்தான். தெருவெல்லாம் தேங்காய் உடைபட்டு, செருப்பில்லாத காலுக்கு ஓடு குத்துகிறது. கௌண்டன்யா ஆற்றங்கரையில் நிற்கக்கூட இடமில்லை.

கூட்டத்தில் நின்றுகொண்டே அவனிடம் அம்மா கதையைச் சொன்னேன். சிரித்தான். அப்புறம், “நீ ஜீன்னு சொன்னா அதுக்கு டெஸ்ட் கேப்பாங்க. வளர்ப்புன்னு சொன்னா கவுன்சலிங். நீ எதுக்குக்கா வக்கீல் வேலை பாக்குற? சின்னண்ணனுக்கு அண்ணி மேல ஏன் ஆசை வந்துச்சுன்னு யாராவது ரத்தம் எடுத்தாங்களா?” என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் உள்ளே இருக்கும் டீச்சருக்கு ஆர்வம் அடங்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். 2019ல் நாலே முக்கால் லட்சம் பேரின் மரபணுவைப் பார்த்து, ‘இதுதான் அந்த ஜீன்’ என்று ஒன்று கிடையாது, சின்னச் சின்னப் பங்கு நிறைய இருக்கிறது, அதை வைத்து ஒரு தனி ஆளைக் கணிக்க முடியாது என்றார்கள். அதைச் சொன்னதும், “அப்பாடா, டெஸ்ட் இல்ல” என்றான்.

மே 16

அப்பாவிடம் யாரும் எதையும் விளக்கவில்லை. இன்று தறியிலிருந்தே கேட்டார். “பொறப்பா, வளப்பா? உங்க படிப்புல எது?”

இரண்டும் கலந்தது என்றேன். பிறப்பிலேயே சூழல் இருக்கிறது என்று கருப்பை விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் நெய்து முடித்திருந்த லுங்கியில் ஒரு பச்சைக் கட்டத்தை விரலால் தேய்த்தார். பாவு பச்சையும் ஊடை பச்சையும் குறுக்கே போகிற இடம் அழுத்தமான பச்சையாக இருந்தது. “இந்தப் பச்சை பாவோடதா, ஊடையோடதா?” என்று கேட்டுவிட்டு, நாடா சிக்கிக்கொண்டதால் அதைத் திட்ட ஆரம்பித்தார். பதிலை எதிர்பார்த்துக் கேட்ட மாதிரி தெரியவில்லை.

மே 19

தம்பி நேற்று கிளம்பிவிட்டான். அம்மா அவனோடு அதிகம் பேசவில்லை, ஆனால் ஊறுகாய் பாட்டில் பையில் இருந்தது.

ராத்திரி மாடியில் பாய் போட்டுப் படுத்திருந்தோம். திடீரென்று, “அவன்கூட அந்த ரூம்ல தங்கினு இருக்குதே, அந்தப் புள்ளைக்கு எத்தினி அண்ணன்?” என்றாள்.

“ஒருத்தரும் இல்லம்மா. வீட்டுக்கு அவன்தான் மூத்தவன்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“அப்போ அவங்கம்மா இன்னா கணக்குப் போட்டுனு இருக்காளோ” என்றாள்.