ஆகஸ்டில் ஊவாவுக்குப் போனால்தான் தெரியும்

ஊர் திரும்பி மூன்று நாள் ஆகிறது. பையை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. ஆனால் இலங்கையின் ஊவாப் பகுதியில், ஹப்புத்தளையில் குடித்த அந்தத் தேநீரைப் பற்றி இன்றைக்கே எழுதிவிட வேண்டும். நாக்கில் அந்த ருசி இன்னும் இருக்கிறது.

இலங்கை மலையகத்தில் ஏழு நாள் சுற்றினேன். கோயில், கடற்கரை எதற்கும் இல்லை, கறுப்புத் தேயிலைக்காக மட்டும். முதலில் செலவு, அப்புறம் வண்டி வசதி, அப்புறம் தேயிலை என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரிசை தவறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கைத் தேயிலையை ஏழு வட்டாரமாகப் பிரிக்கிறார்கள்: நுவரெலியா, திம்புல, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, சப்ரகமுவ, ருகுணு. செடி ஒன்றுதான். வாட்டுவது, உருட்டுவது, நொதிக்கவிடுவது, காயவைப்பது எல்லாம் ஏறக்குறைய ஒரே முறைதான். அப்படியும் கண்டித் தேநீரையும் ஊவாத் தேநீரையும் அடுத்தடுத்துக் குடித்தால் வேறு வேறு செடி என்று சத்தியம் செய்வீர்கள். வித்தியாசம் உயரத்திலும் காற்றிலும் இருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் போனேன். ஆனால் ஒரு பஸ்ஸில் நின்றுகொண்டு போனபோதுதான் உடம்புக்கே புரிந்தது.

கண்டியில் பணம் கரைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் பெரஹரா. யானை ஊர்வலம் பார்க்க உலகமே வந்து இறங்குகிறது. சாதாரண நாளில் 4,000 இலங்கை ரூபாய் வாங்கும் அறைக்கு 9,500 கேட்டார்கள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்றரை ரூபாய் கிடைத்தது, இருந்தாலும் வலித்தது. கடைசியில் பேராதனைப் பக்கம் தள்ளிப் போய் 4,500க்கு ஓர் அறை பிடித்தேன். பெரஹரா பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் அந்தப் பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது, நகரத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். ஏறும்போது 1,500 என்று சொன்ன ஆட்டோக்காரர், திரும்பி வந்து இறக்கியதும் 4,000 என்றார். காத்திருந்ததற்குத் தனியாம். அவர்தான் 'ஆறுதலாப் பாத்துட்டு வாங்க' (நிதானமாக என்று அர்த்தம்) என்று சொல்லி அனுப்பினார்! அரை மணி நேரம் தெருவில் நின்று பேசி 2,500க்கு முடித்தேன். செயலியில் பார்த்தால் போய்வர 1,400கூட இல்லை. செயலியில் மட்டும் ஆட்டோ எடுங்கள்.

அருங்காட்சியகம் அந்தக் கோபத்தைத் தணித்தது. பழைய உருட்டும் இயந்திரங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1867இல் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அப்போது மலை முழுக்கக் காப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து சில ஆண்டுகளில் காப்பியைத் துடைத்தெடுத்துவிட்டது. அதன் பிறகுதான் தேயிலை மலை முழுக்கப் பரவியது. கண்டி வட்டாரத் தேயிலை நடுமலையில், 600 மீட்டரிலிருந்து 1,200 மீட்டருக்குள் விளைகிறது. செம்பு நிறம், நல்ல கனம். காலையில் எழுந்ததும் குடிக்க இது போதும். அதற்கு மேல் அதில் ஆச்சரியம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

ரயிலில் நானு ஓயா வரை போனேன். ஹற்றன், தலவாக்கலை எல்லாம் திம்புல வட்டாரம். ஜன்னல் முழுக்கத் தேயிலை, கூடவே விடாத மழை. இங்கே நல்ல தேயிலை எடுக்கும் காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. நான் போனது மழைக்காலம். மழையில் கொழுந்து சரசரவென்று வளரும், மணம் நீர்த்துப்போகும். தலவாக்கலையில் குடித்தது நல்ல தேநீர்தான், ஆனால் அந்த ஊரின் உச்சத்தை நான் பார்க்கவில்லை.

நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். குளிரில் கொழுந்து மெதுவாக வருகிறது. சாயம் வெளிர் பொன்னிறம், கோப்பையின் அடியில் போட்டிருக்கும் பூ தெரிகிறது. இதில் பால் ஊற்றாதீர்கள், ஊற்றினால் தேயிலை இருந்த இடமே தெரியாது. சர்க்கரையும் வேண்டாம். ஒரு பழைய பங்களா ஓட்டலில் ஒரு கேத்தல் தேநீருக்கு 1,200 ரூபாய் வாங்கினார்கள். அதே தோட்டத்துத் தேயிலையைக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடையில் 120 ரூபாய்க்கு இன்னும் சூடாகக் குடித்தேன். பங்களாவுக்குப் போகவே வேண்டாம்.

இப்போது அந்த பஸ்.

ரயிலில் இடமே இல்லை, அதனால் நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் பண்டாரவளை போகும் ஒரு தனியார் பஸ்ஸில் ஏறினேன். கால் வைக்க இடமில்லை. என் முதுகுப்பையை டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சின் மேல் போடச் சொன்னார்கள், அதற்கும் ஒரு சீட்டுக் காசு. பாட்டு காதைப் பிளந்தது. மூடாத ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். ஹக்கலை வரை மழைச் சாரல் இடது கையை முழுக்க நனைத்தது. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்தில் நின்ற அம்மாவின் கூடை என் இடுப்பில் இடித்தது. இறங்கிவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

ஹக்கலை தாண்டிச் சாலை இறங்க ஆரம்பித்தது. ஒரு கால்மணி நேரம் இருக்கும். மூடுபனி விலகியது, வெயில் அடித்தது, அதே ஜன்னலில் சூடான காய்ந்த காற்று அடித்தது. வெலிமடை வருவதற்குள் என் சட்டைக் கை காய்ந்துவிட்டது. எதிர்ச் சரிவில் புல் பழுத்துக் கிடந்தது. மேற்கே கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தண்ணீரை எல்லாம் மலையின் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வறண்டு இறங்குகிறது. கிழக்குப் பக்கத்தில் கச்சான் காற்று என்பது இதைத்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவா மலைகளின் மேல் இது வீசுகிறது. அந்த வறட்சியில் செடி தவிக்கிறது. வளர்ச்சி சுருங்கி, இலைக்குள் மணம் சேருகிறது. ஊவாத் தேயிலையின் ரகசியம் முழுக்க அந்தத் தவிப்புதான். அந்த பஸ்ஸைத் திட்டிக்கொண்டே ஏறியவன், நன்றியோடு இறங்கினேன்.

மறுநாள் ஹப்புத்தளையிலிருந்து தம்பேத்தன்னைக்குத் தோட்டத்து மக்களோடு உள்ளூர் பஸ்ஸில் போனேன், நூறு ரூபாய்க்குள் முடிந்தது. தாமஸ் லிப்டன் 1890இல் இந்த மலைகளில் தோட்டங்களை வாங்கினார். தொழிற்சாலையும் அந்தக் காலத்ததுதான். உள்ளே போனதும் முதலில் பச்சைப் புல் வாசம். வாட்டும் தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பிக் கீழிருந்து காற்று விடுகிறார்கள். ஒரு கைப்பிடி எடுத்துக் கசக்கிப் பார்க்கச் சொன்னார்கள். ஒடியவில்லை, துணி மாதிரி மடிந்து கையில் ஒட்டியது. உருட்டி முடித்த இலை பச்சையும் பழுப்புமாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் செம்பு நிறமாகிறது. புல் வாசம் போய் நறுக்கிய ஆப்பிள் வாசம் வருகிறது. அந்த நொடியில் நிறுத்தி உலர்த்தியில் போட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் மணம் போய்விடும், கனம் மட்டும்தான் மிஞ்சும்.

வெளியே சரிவில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. அவர் பாட்டன் புதுக்கோட்டைப் பக்கமாம்.

"இப்ப வாசமான காலமாமே அக்கா?"

"தேயிலைக்கு வாசம் தம்பி. எங்களுக்குத்தான் கஷ்டம். காத்துல கொழுந்தே வரமாட்டேங்குது. பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் முழுப்பேரு. இல்லாட்டி அரைப்பேர்தான்."

முழுப்பேர் என்றால் முழு நாள் சம்பளம். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கரை, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் அதே மாதங்களில், அதைப் பறிக்கும் கைக்குக் கூலி பாதியாகிறது. நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற அறிவிப்பே பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் வந்தது. இது அநியாயம். மணத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கு அந்தப் பருவத்தில் பறிப்பவர்களுக்குப் போக வேண்டும்.

அன்று சாயங்காலம் ஹப்புத்தளை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு சிறிய கடையில் வெறுந்தேத்தண்ணி, அதாவது பால் இல்லாத தேநீர் கேட்டேன். கடைக்காரர் கடிக்கக் கித்துள் என்ற மரத்துப் பனங்கட்டி (வெல்லம்) ஒரு துண்டு வைத்தார். சிவப்புச் சாயம், விளிம்பில் பொன் வளையம். முதல் வாய் குடித்ததும் மூக்கின் உள்ளே சில்லென்று ஏறியது. தலைவலித் தைலத்தில் இருக்கும் அந்தக் குளிர்ந்த வாசனை, நூறில் ஒரு பங்கு. மெத்தில் சாலிசிலேட் என்ற பொருள் தைலத்திலும் இருக்கிறது, ஊவாத் தேயிலையிலும் இயற்கையாகவே இருக்கிறது. கேட்க ஒரு மாதிரி இருக்கும், குடித்துப் பாருங்கள். பின்னால் ஒரு துவர்ப்பு, நாக்கைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போகிறது. மூன்று கோப்பை குடித்தேன், மொத்தம் 180 ரூபாய். இவ்வளவு வருஷம் பாலில் கொதித்த டஸ்ட் டீயையே தேநீர் என்று நம்பியிருக்கிறேன்.

கடைசி நாள் தெற்கே காலிக்கு இறங்கினேன். ருகுணுத் தேயிலை கடல் மட்டத்துக்குப் பக்கத்திலேயே விளைகிறது. சூட்டில் இலை பெரிதாக, வேகமாக வளர்கிறது. காய்ந்த தூள் கன்னங்கரேல் என்றிருக்கும், சாயம் அடர்த்தி. நாட்டின் விளைச்சலில் பாதிக்கு மேல் இப்படித் தாழ்நிலத்தில் வருவதுதான், மேற்கு ஆசிய நாடுகளுக்கு நிறையப் போகிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்தால் நம் நாக்குக்கு இதுதான் பொருந்தும். அம்மாவுக்கு அரைக் கிலோ இதைத்தான் வாங்கினேன்.

வாங்கும்போது இரண்டு விஷயம். ஓ.பி. (ஆரஞ்சு பீக்கோ), பி.ஓ.பி. (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ) என்ற எழுத்துகள் இலையின் அளவைத்தான் சொல்கின்றன, தரத்தை இல்லை. ஆரஞ்சு பீக்கோவில் ஆரஞ்சும் கிடையாது. சிங்க முத்திரை இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, அங்கேயே பொதி செய்தது என்று அர்த்தம். எந்த வட்டாரம் என்று அது சொல்லாது. 'ஊவா' என்று எழுதியிருந்தாலும் எந்த மாதம் பறித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். மரப்பெட்டியில் அடைத்து விற்பதை எடுக்காதீர்கள், பெட்டிக்குத்தான் பாதிக் காசு.

நேற்று வீட்டில் ஊவாப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டேன். எங்கள் போர்வெல் தண்ணீரில் மேலே ஆடை படிந்தது, மணம் அமுங்கிப்போனது. கேன் தண்ணீரில் மறுபடி, 100 மில்லிக்கு 2 கிராம், மூன்றரை நிமிடம். வந்துவிட்டது அந்தச் சில்லிப்பு. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு "இதுல என்னடா கலந்திருக்க?" என்று கேட்டார்.

ஜனவரி கடைசியில் தலவாக்கலை. கொழும்புக்கு டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.